கட்டுத்தரையும் கிணறும்: புதிதாகப் பண்ணை வைப்பவர்கள் நிலத்தடி நீரைக் காப்பது எப்படி?

பத்து மாடு வாங்கிப் பால் பண்ணை வைக்கப் போகிறவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. எந்த இனம், எந்தச் சந்தை, என்ன தீவனம், எந்த வங்கியில் கடன், காப்பீடு எப்படி என்று ஊரே வந்து சொல்லும். கட்டுத்தரையிலிருந்து கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது, மாட்டு மூத்திரம் எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கறிக்கோழி, முட்டைக்கோழி வைப்பவர்கள் நிலையும் இதுதான்.

நீர் கெட்டால் அதை முதலில் குடிப்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் அல்ல, பண்ணை வைத்தவரின் வீட்டார்தான். கொட்டகைக்கு மிக அருகில் இருப்பது அவர்களுடைய கிணறு. அதனால் இந்தக் கட்டுரையைச் சட்டத்துக்குப் பயந்து படிக்க வேண்டாம், சொந்த நலத்துக்காகவே படியுங்கள். எடுத்துக்காட்டுகள் நாமக்கல், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. மேல்மண் குறைவாகவும் அடியில் பாறையும் உள்ள எந்த ஊருக்கும் இவை பொருந்தும்.

நீர் எப்படிக் கெடுகிறது?

சாணமும் கோழி எருவும் நஞ்சு அல்ல. ஆயிரம் ஆண்டுகளாக இவற்றைப் போட்டுத்தான் நிலம் விளைந்தது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிச் செல்பவர்கள், கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்று இந்த வயலில் அடைத்த ஆடு நாளை அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடும். புழுக்கையும் மூத்திரமும் மெல்லியதாகப் பரவும், பயிர் வந்து எடுத்துக்கொள்ளும். பண்ணை நகர்வதில்லை. அதே பத்துச் சென்ட் இடத்தில், ஆண்டுக்கு 365 நாளும், வெளியிலிருந்து வாங்கிய தீவனத்தின் மிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது. கேடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விழுகிறதில் கவனிக்க வேண்டியது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ மூத்திரத்தில்தான் போகிறது. சாணத்தை ஒரு கூடை விடாமல் அள்ளிச் சேர்க்கிறவர்கள்கூட மூத்திரத்தை மண்ணில் ஓட விட்டுவிடுகிறார்கள். மூத்திரத்தில் இருக்கும் யூரியா சில நாட்களில் அம்மோனியாவாக மாறும். கட்டுத்தரையில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். அம்மோனியாவில் ஒரு பகுதி காற்றில் போய்விடும். மீதி மண்ணில் அம்மோனியமாகத் தங்கும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றின் உதவியோடு அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டை மண்ணால் பிடித்து வைக்க முடியாது. களிமண் துகளுக்கு எதிர்மின்தன்மை, நைட்ரேட்டுக்கும் எதிர்மின்தன்மை. ஆகவே மழை பெய்யும்போது நீரோடு சேர்ந்து நேரே கீழே இறங்கிவிடும். வேர் எட்டும் ஆழத்தைத் தாண்டியபின் எந்தப் பயிராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

கிருமிகளின் பாதை வேறு. நல்ல ஆழமான மண் அவற்றைப் பெருமளவு வடிகட்டிவிடும். மண் இரண்டடியோடு முடிந்து பாறை வெடிப்பு தொடங்கும் இடத்தில் வடிகட்ட எதுவும் இல்லை. அடைமழை பெய்த சில நாட்களிலேயே சாணக் கிருமி கிணற்றில் இருக்கும். மழைக்குப் பின் திடீரென்று கெடுவது கிருமியால். ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடிக்கொண்டே போவது நைட்ரேட். இரண்டுக்கும் சோதனை வேறு, மருந்தும் வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் தெரியாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹண்டர் காம்லி, கிணற்று நீரில் பால்மாவு கலந்து கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வருவதைக் கவனித்து எழுதினார். குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்று வரம்பு வைத்திருக்கிறது. உப்புக்கும் கடினத்தன்மைக்கும் "வேறு நீர் இல்லாவிட்டால் இவ்வளவு வரை" என்று தளர்வு தரும் அதே தரம், நைட்ரேட்டுக்குத் தளர்வே தரவில்லை.

படி 1: மாட்டுக்கு முன்னால் கணக்கைப் போடுங்கள்

உங்கள் நிலம் எவ்வளவு எருவைச் செரிக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எத்தனை மாடு என்று முடிவு செய்யாதீர்கள்.

நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு நல்ல தீவனம் தின்றால், பாலில் போனது போகச் சாணத்திலும் மூத்திரத்திலுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் தழைச்சத்தை வெளியேற்றும். ஆண்டுக்கு 70 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைட்ரேட் நெறிமுறை, கால்நடை எருவின் மூலம் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடக்கூடாது என்கிறது. ஏக்கருக்கு மாற்றினால் 69 கிலோ. ஆக, ஏக்கருக்கு ஒரு மாடு. நினைவில் வைத்துக்கொள்ள எளிய அளவு.

அந்த வரம்பு குளிர்நாட்டு வேளாண்மைக்கு வகுத்தது, நமக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் பாசனத்தில் வெட்டிக்கொண்டே இருக்கும் கோ 4 போன்ற கம்பு நேப்பியர்ப் புல் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கை எளிதாக இழுத்துக்கொள்ளும். எனவே நன்றாகப் பராமரிக்கும் தீவனப் புல் உள்ள ஒரு ஏக்கருக்கு இரண்டு, மூன்று மாடுகள் வரை போகலாம் என்பது என் கருத்து. மானாவாரிச் சோளம் மட்டும் விதைக்கும் நிலத்துக்கு ஏக்கருக்கு ஒன்றே அதிகம்.

இப்போது கோழிக்கு வருவோம். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது என்று வையுங்கள். அதில் 17 விழுக்காடு புரதம், புரதத்தில் 16 விழுக்காடு தழைச்சத்து. கணக்குப் போட்டால் 3 கிராம் உள்ளே போகிறது, முட்டையில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் வெளியே வருகிறது, மீதி ஏறத்தாழ 2 கிராம் எச்சத்தில். சிறிய எண்தான். 10,000 கோழிக்கு ஆண்டுக்குப் பார்த்தால் 7 டன்! அதில் பாதி அம்மோனியாவாகக் காற்றில் போனாலும், மிச்சத்தை ஐரோப்பிய அளவுப்படி இறைக்க 50 ஏக்கர் வேண்டும். 10,000 கோழி வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் நான்கைந்து ஏக்கர்தான் இருக்கும்.

எனவே கோழி எரு வெளியே போயே ஆக வேண்டும். நாமக்கல் பக்கம் அதற்கென வியாபாரிகள் உண்டு. மஞ்சள், மரவள்ளி, தென்னை வைத்திருப்பவர்கள் லாரி லாரியாக வாங்குகிறார்கள். கொட்டகை கட்டும் முன்பே யார் எடுப்பார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார், மழைக்காலத்தில் லாரி வராவிட்டால் எங்கே வைப்பது என்று பேசி முடித்துவிடுங்கள். தீவனத்துக்கு வழி செய்வதைப் போலவே எருவுக்கும் வழி செய்ய வேண்டும்.

படி 2: முதல் மாடு வருமுன் நீரைச் சோதியுங்கள்

பண்ணை தொடங்குமுன் எடுத்த அறிக்கை ஒன்று கையில் இருந்தால் அதன் மதிப்பு பின்னால் தெரியும். ஐந்தாண்டு கழித்து நைட்ரேட் கூடியிருந்தால் அது உங்கள் கட்டுத்தரையாலா, ஏற்கெனவே இருந்ததா என்று சொல்ல அது ஒன்றுதான் சான்று. பக்கத்துத் தோட்டத்தார் குற்றம் சாட்டினாலும் அதுதான் பேசும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உள்ளன. கட்டணம் செலுத்தித் தனியாரும் சோதிக்கலாம். கேட்க வேண்டியவை: நைட்ரேட், குளோரைடு, மொத்தக் கரைந்த உப்பு, பொட்டாசியம், மலக் கலப்பைக் காட்டும் கிருமிகளான கோலிபார்ம், ஈ.கோலி. பொட்டாசியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாட்டு மூத்திரத்தில் அது நிறைய உண்டு, இயல்பான நிலத்தடி நீரில் பெரும்பாலும் குறைவு. நைட்ரேட், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து ஏறினால் எருக்குழியோ கழிவறைத் தொட்டியோ கசிகிறது என்று ஐயப்படலாம். நைட்ரேட் மட்டும் ஏறினால் வயலில் போடும் யூரியாவையும் கணக்கில் எடுங்கள்.

மாதிரி எடுக்கும் முறை எளிது, ஆனால் இதில்தான் தவறு நடக்கிறது. மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், குழாயில் தேங்கிய பழைய நீர் போகட்டும். வேதிச் சோதனைக்குச் சுத்தமான பாட்டிலை அதே நீரில் கழுவி விளிம்பு வரை நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதைக் கழுவக் கூடாது, வாயைத் தொடக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு முறை சோதிப்பது நல்லது: கோடையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது ஒன்று, ஐப்பசி அடைமழைக்குப் பின் ஒன்று.

அறிக்கை வந்ததும் நைட்ரேட் எந்த வடிவில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில ஆய்வகங்கள் "நைட்ரேட்" என்று போடும், சில "நைட்ரேட் நைட்ரஜன்" என்று போடும். பின்னதை 4.43ஆல் பெருக்கினால்தான் முன்னது கிடைக்கும். 12 என்று பார்த்து "45க்கு எவ்வளவோ கீழே இருக்கிறதே" என்று மகிழ்கிறவர், அது நைட்ரஜன் கணக்கு என்றால் உண்மையில் 53 மில்லிகிராமில் நிற்கிறார். ஈ.கோலி நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்றிரண்டுதானே என்று அதைக் கடந்து போகாதீர்கள்.

ஆய்வகம் தொலைவு என்றால் ஊராட்சியில் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கையடக்கச் சோதனைப் பெட்டிகள் கிராமங்களுக்குத் தரப்பட்டு, பெண்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டிருக்கிறது. கிருமிக்கென ஒரு சிறு பாட்டில் சோதனை உண்டு. நீரை ஊற்றி ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்பு இருக்கும்போது கறுத்துவிடும். இந்திய அறிவியலாளர்கள் 1982இல் உருவாக்கிய மலிவான முறை. துல்லியமான எண் தராது, ஆனால் எச்சரிக்கை மணிக்கு அது போதும்.

படி 3: இடம்

கொட்டகையும் எருக்குழியும் பள்ளப்பக்கம், கிணறு மேட்டுப்பக்கம். சொல்வது எளிது. நிலத்தடி நீர் பொதுவாகத் தரையின் சரிவையொட்டியே நகரும், ஆனால் பாறை வெடிப்புகள் உள்ள நிலத்தில் அது எப்போதும் உண்மையல்ல. ஐயமிருந்தால் இப்படிச் செய்யலாம். மோட்டார்கள் ஓடாத நாளின் விடியற்காலையில், சுற்றுவட்டாரத்தில் முக்கோணமாக அமையும் மூன்று கிணறுகளில் கல் கட்டிய கயிற்றை விட்டு நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூபைக் கொண்டு மூன்று கிணற்று மேடைகளின் உயர வேறுபாட்டையும் எடுங்கள். மேடை உயரத்திலிருந்து நீர் இருக்கும் ஆழத்தைக் கழித்துப் பார்த்தால் எந்தக் கிணற்றில் நீர் உயரம், எதில் தாழ்வு என்று தெரியும். நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குப் போகும். அரை நாள் வேலை.

இன்னொன்று: நாள் முழுதும் மோட்டார் ஓடும் கிணறு சுற்றிலுமுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். சரிவு எப்படி இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் எருக்குழியின் கசிவையும் சேர்த்துத்தான். எனவே குறைந்தது 30 மீட்டர் தள்ளி வையுங்கள் என்பது என் பரிந்துரை. பாறை மேலேயே தெரியும் நிலமென்றால் அதுவும் போதாது. ஓடைக்கரை, மழையில் நீர் தேங்கும் தாழ்வு, கோடையிலேயே பத்தடியில் நீர் வரும் இடம் ஆகியவை வேண்டாம். எருக்குழிக்குக் குறித்த இடத்தில் முதலில் கடப்பாரை போட்டு மண் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஐந்தடி மண் இருந்தால் நல்லது. இரண்டடியில் சுக்கானோ சிதைந்த பாறையோ தட்டுப்பட்டால் வேறு இடம் தேடுங்கள்.

படி 4: தரை, வாய்க்கால், குழி

மண் தரைக் கட்டுத்தரை மாட்டின் காலுக்கு இதம், மறுப்பதற்கில்லை. இரண்டு மாடு இருந்த காலத்தில் அது சரி. அப்போதும் பெரியவர்கள் மூத்திரம் ஊறிய மேல்மண்ணை அவ்வப்போது வெட்டி வயலுக்கு எடுத்துப் போட்டு, குளத்து வண்டலைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். பத்து மாட்டுக்கு அது நடக்காது. கான்கிரீட் தரை போட்டு, வழுக்காமல் இருக்கக் கோடு கீறி, பின்பக்க வாய்க்காலை நோக்கி வாட்டம் கொடுங்கள். படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போடலாம்.

வாய்க்கால் முடியும் இடத்தில்தான் பண்ணைகளின் தரம் தெரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அது வேலியோரம் ஒரு சேற்றுக் குட்டையில் முடிகிறது. அந்தக் குட்டையின் அடி நேரே கிணற்றுக்கு வழி. அதற்குப் பதிலாகச் செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசிய தொட்டி வேண்டும். அளவுக்கு ஒரு கணக்கு: மாட்டுக்கு 50 லிட்டர் கழுவும் நீரும் 10 லிட்டர் மூத்திரமும் என்றால் பத்து மாட்டுக்கு நாளுக்கு 600 லிட்டர். மழையால் வயலுக்கு விட முடியாத 45 நாட்களுக்கு 27,000 லிட்டர். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால் கொஞ்சம் இடமும் மிஞ்சும். பணம் இடித்தால் மண் குழியில் சில்பாலின் என்ற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போடலாம், ஆனால் ஆண்டுதோறும் கிழிசல் பார்க்க வேண்டும். எதுவானாலும் சுற்றிலும் வேலி கட்டாயம். மாடும் குழந்தையும் விழுந்தால் தப்பாத ஆழம் அது. மூடிய தொட்டிக்குள் நச்சுவாயு இருக்கும், யாரும் இறங்கவே கூடாது.

தொட்டியைச் சிறிதாக்க இரண்டு வழிகள் உண்டு. முதலில் சாணத்தை வழித்தெடுத்துவிட்டுப் பிறகு நீர் அடியுங்கள், நீர் பாதியாகக் குறையும். அடுத்து, கூரைநீரைப் பிரித்துவிடுங்கள். 100 சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். கூரையோரம் தகரப் பீலி கட்டி அதைத் தனியே கொண்டுபோகாவிட்டால், ஒரே மாலையில் எட்டு நாள் கழிவுநீருக்கு நிகரான மழைநீர் தொட்டியில் விழுந்து நிரம்பி வழியும். அந்தக் கூரைநீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுவது மிக நல்லது. முற்றத்து நீரை ஒருபோதும் அந்தக் குழிக்கு விடாதீர்கள். நீரைச் சேமிக்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு, மாடு நிற்கும் முற்றத்து மழைநீரை நேரே நிலத்தடிக்கு இறக்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எருக்குழிக்கும் கடினத் தரையும் மேலே ஒரு தகரக் கூரையும் போதும். மழை படாத எருவில் கசிவு மிகக் குறைவு, சத்தும் வீணாகாது.

சாண எரிவாயுக் கலன் வைத்தால் கழிவுப் பிரச்சினை தீர்ந்தது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அடுப்பு எரியும், கொசுவும் நெடியும் குறையும், அதெல்லாம் உண்மை. ஆனால் எரிவாயுவாகப் போவது கரிமம். தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும் வெளிவரும் கரைசலிலேயே இருக்கிறது, பயிர் எளிதில் எடுக்கும் வடிவில், அதாவது எளிதில் நைட்ரேட்டாகும் வடிவில். கலனுக்குப் பின்னால் இருக்கும் மண்குழிக்கும் சிமெண்ட் பூச வேண்டும்.

படி 5: கோழி வைப்பவர்களுக்கு

கறிக்கோழி ஆழ்கூளத்தில், அதாவது தரையில் தடிமனாகப் பரப்பிய உமி போன்றவற்றின் மேல் வளர்கிறது. காய்ந்த கூளம் நிலத்தடி நீருக்குப் பெரிய ஆபத்தில்லை, நனைந்த கூளம்தான் எதிரி. கோழி நீர் குடிக்கும் நிப்பிள்கள் ஒழுகினால் அன்றன்றே மாற்றுங்கள். அது கோழியின் காலுக்கும் நல்லது, உங்கள் கிணற்றுக்கும் நல்லது. பேட்ச் முடிந்து அள்ளிய கூளத்தைக் கொட்டகைக்கு வெளியே வெட்டவெளியில் குவித்துவிட்டு லாரிக்குக் காத்திருப்பது வழக்கம். அந்த நேரத்தில் ஒரு மழை போதும். அடியில் கடினத் தரையோ விரிப்போ, மேலே தார்ப்பாயோ இல்லாமல் குவிக்காதீர்கள்.

முட்டைக்கோழியில் கூண்டுக்கு அடியில் மாதக்கணக்கில் எரு மலையாகச் சேரும். அடித்தரை சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், மழைச் சாரலும் ஓடிவரும் நீரும் உள்ளே புகக் கூடாது. செத்த கோழிகளைத் தோட்டத்து மூலையில் மண்ணில் புதைப்பது தொடர்ந்தால் அந்த மூலையே தனி மாசுக் கிடங்காகும். அடியும் சுவரும் பூசிய, மூடியுள்ள குழி வையுங்கள், அல்லது கூளத்தோடு அடுக்கடுக்காக மட்கச் செய்யுங்கள். நோயால் கூட்டமாகச் செத்தால் நீங்களாக எதையும் செய்யாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

படி 6: எரு இறைக்கும் நேரம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டுகிறது. புரட்டாசிக் கடைசியில் தொட்டியைக் காலி செய்கிறேன் என்று தரிசு நிலத்தில் எல்லாவற்றையும் இறைத்தால், பயிர் முளைக்குமுன் நைட்ரேட் இறங்கிவிடும். தொட்டியைக் கோடையிலிருந்தே சிறிது சிறிதாகக் காலி செய்து, மழை தொடங்கும்போது வெறுமையாக வைத்திருப்பதுதான் சரி. வேர் பிடித்து வளரும் பயிருக்கு, மழை வராத நாளில், பாசன நீரோடு கலந்து விடுங்கள். ஒரே வயலுக்கு, குறிப்பாகத் தொட்டிக்குப் பக்கத்து வயலுக்கு மட்டும் விட்டுக்கொண்டே இருப்பது மனித இயல்பு. தூரத்து வயலுக்கு ஹோஸ் இழுக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் வயலை மாற்றி மாற்றி விடுங்கள்.

எரு போட்ட கணக்கை யூரியாவிலிருந்து கழிக்க வேண்டும். எருவும் முழு அளவு, யூரியாவும் முழு அளவு என்றால் மிச்சம் போகும் இடம் கிணறு. அளவு மீறினால் தீவனச் சோளத்திலும் நைட்ரேட் சேர்ந்து, அதைத் தின்னும் மாட்டுக்கே நஞ்சாவதுண்டு.

படி 7: கிணற்றைக் காவல் செய்யுங்கள்

2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரால் 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 5,000தான். கடும் மழைக்குப் பின், பக்கத்துப் பண்ணையில் இறைத்த மாட்டெருவிலிருந்து கிருமிகள் பாறை வெடிப்பு வழியாக ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் போயிருந்தன. குளோரின் அளவை ஒழுங்காகக் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. விசாரணை ஆணையம் அந்த விவசாயியைக் குற்றம் சொல்லவில்லை, அவர் முறைப்படிதான் எரு இட்டிருந்தார். மேலே சொன்ன ஆறு படிகளையும் செய்தபின்னும் கிணற்றுக்கென்று தனிக் காவல் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்ந்த சிமெண்ட் மேடையும் வேண்டும். அங்கே மாட்டைக் கட்டிக் குளிப்பாட்டாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றில் கேசிங் குழாய் தரைக்கு மேல் ஒன்றிரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழாய்க்கும் துளைக்கும் இடையிலான இடைவெளி சிமெண்டால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். போர் போடும் வண்டிக்காரர்கள் அவசரத்தில் அந்த இடைவெளியில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார்கள், நின்று கவனியுங்கள். குழந்தைகள் விழுவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிகளில், கேசிங்கைச் சுற்றித் தரைக்கு மேலும் கீழும் 30 செ.மீ. இருக்கும்படி சிமெண்ட் மேடை கட்டச் சொல்லியிருக்கிறது. அதே மேடை சாணநீரையும் தடுக்கும்.

வற்றிப்போன பழைய கிணற்றைக் குப்பைக் கிணறாக்குவதும், தண்ணீர் வராத போருக்குள் கழிவுநீரைத் திருப்பி விடுவதும் எல்லாவற்றிலும் கொடியவை. மேல்மண் என்ற ஒரே காவலையும் தாண்டி, ஊரார் குடிக்கும் நீருக்குள் நேரடியாக ஊற்றுவது அது. பயனற்ற போரைக் களிமண்ணும் சிமெண்டும் போட்டு மூடுங்கள்.

படி 8: நீர் ஏற்கெனவே கெட்டிருந்தால்

கிருமி மட்டும் என்றால் பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. வட்டக் கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆலும் நீரின் ஆழத்தாலும் (எல்லாம் மீட்டரில்) பெருக்கினால் கன மீட்டர் வரும். 6 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 85,000 லிட்டர், 210 கிராம் பவுடர். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். கசிவை அடைக்காமல் பவுடர் போட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த மழையில் மறுபடியும் கிருமி வரும்.

நைட்ரேட்டுக்குக் குளோரின் உதவாது, புற ஊதா விளக்கும் உதவாது. கொதிக்க வைப்பது இன்னும் கேடு: நீர் ஆவியாக, நைட்ரேட் செறிவு கூடும். எதிர் சவ்வூடு பரவல் இயந்திரம், அதாவது ஆர்.ஓ., பெருமளவு நீக்கும், ஆனால் அது ஒதுக்கும் நீரில் நைட்ரேட் செறிந்திருக்கும். அதைத் தீவனப் புல்லுக்கு விடுங்கள், கிணற்றோரம் ஊற்றாதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்குப் பால்மாவு கரைக்க அந்தக் கிணற்று நீரை அன்றே நிறுத்திவிட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை.

பாசனத்தில் ஒரு சிறு ஆதாயமும் உண்டு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரை ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால், அதனுடன் நாலரைக் கிலோ தழைச்சத்து போகிறது. பத்துக் கிலோ யூரியாவுக்குச் சமம். எனவே கெட்ட கிணற்றை மூடாதீர்கள். அதே நீரைத் தீவனப் புல்லுக்கு இறைத்து, யூரியாவைக் குறையுங்கள். கசிவும் அடைபட்டால் பல ஆண்டுகளில் நைட்ரேட் மெல்ல இறங்கும்.

அனுமதியும் அண்டை வீட்டாரும்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாட்டுப் பண்ணைகளுக்கு 2020இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கோழிப்பண்ணைகளுக்கும் தனி நெறிகள் உள்ளன. எத்தனை கால்நடைக்கு மேல் இசைவு வேண்டும், குடியிருப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்பவை திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் பண்ணைக்காரர் அல்ல, பக்கத்தில் குடியிருப்பவர் என்றால் முதலில் இரண்டு பருவத்துச் சோதனை அறிக்கைகளைச் சேருங்கள். உங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டி கசியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பண்ணைக்காரரிடம் நேரில் பேசுங்கள். பயனில்லை என்றால் ஊராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், கடைசியாகச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

பண்ணையை மூடும்போது

நட்டமாகியோ வயதாகியோ பண்ணையை நிறுத்துகிறவர்கள் மாட்டை விற்றுவிட்டுக் கொட்டகையைப் பூட்டிவிடுகிறார்கள். மாடு நின்ற மண்ணில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த அம்மோனியம் அப்படியே இருக்கிறது. ஈரமாக, மிதிபட்டு இறுகியிருந்தவரை காற்றுப் போகாததால் அது நைட்ரேட்டாக மாறாமல் அடங்கியிருந்தது. இப்போது தரை காய்ந்து வெடிக்கும், காற்று நுழையும், நைட்ரேட் உருவாகும், அடுத்த ஐப்பசி மழையில் மொத்தமாக இறங்கும். கிணறு மிக மோசமாகக் கெடுவது மாடு போன பிறகாகவும் இருக்கலாம். ஆகவே மழைக்கு முன் எருக்குழியையும் தொட்டியையும் முழுதாகக் காலி செய்யுங்கள். முற்றத்து மேல்மண்ணை அரை அடி வெட்டி எடுத்துத் தொலைவு வயல்களில் மெல்லியதாகப் பரப்புங்கள். மீதி நிலத்தில் உரமே இடாமல் கம்பு நேப்பியர் நட்டு, இரண்டு மூன்று ஆண்டு அறுத்து வெளியே கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்த ஆண்டுகளிலும் ஐப்பசிக்குப் பின் கிணற்று நீரைச் சோதியுங்கள்.